முத்திரை வைத்த ரசீது

ஜூன் 5, திங்கள்

வடிவு இன்று நகைகளை விற்றுவிட்டாள். செண்பகம் கூடப் போனாள். தாயும் மகளும் திரும்பி வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மோர் குடித்தார்கள். நகைக் கடைக்குப் போய்விட்டு இழவு வீட்டிலிருந்து வருவது போல வருவதற்கு என்ன இருக்கிறது? அவள் நகை, அவள் விற்கிறாள்.

கோவில்பட்டியில் மாப்பிள்ளை வீட்டை விட்டு அவள் இங்கே பாளையங்கோட்டைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் கோபத்தில் கை ஓங்கிவிட்டார், அவ்வளவுதான். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்கிறாள். நாள்பட்ட சளியாகவும் இருக்கலாம் என்பது என் எண்ணம். இந்த நகைகளைத் திருப்பி வாங்கவே மச்சினர் வேலாயுதம் நாலு தடவை பஞ்சாயத்துப் பேச வேண்டியிருந்தது.

இப்போது கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கி, முன்னறையில் வைத்து, ஜாக்கெட்டுக்குப் பூ வேலை செய்யப்போகிறாளாம். ஆறு மாதம் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் சும்மா உழைத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இங்கே விற்கிற விலைக்கு முக்கால் விலையில் அதே மெஷின் வெளிநாட்டு ஆன்லைன் சந்தையில் கிடைக்கிறதாம்.

அவள் வங்கிக் கணக்கு மாப்பிள்ளையோடு சேர்த்து ஆரம்பித்த கணக்கு. ஆகவே பணத்தை என் கணக்கில் போடச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றாள். பெற்ற தகப்பன் கணக்கில் போட என்ன யோசனையோ.

ஜூன் 8, வியாழன்

சாப்பிட்டதும் லேப்டாப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் பாடம் நடத்தினாள்.

"அப்பா, பணம் நேரா விக்கிறவங்க கைக்குப் போகாது. சாமான் வந்து, நாம பிரிச்சுப் பாத்து, சரின்னு சொல்லுத வரைக்கும் அந்த சைட்டே பிடிச்சு வச்சிருக்கும். வரலன்னா திருப்பிக் குடுத்துரும். கார்டுல கட்டுனா பேங்க்லயும் புகார் சொல்லலாம். நீங்க உங்க கார்டுல வெளிநாட்டு வசதிய மட்டும் திறந்து விட்டுருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதி தூத்துக்குடிக் கிளையில், அந்நியச் செலாவணிப் பிரிவில். மருந்துக்குப் போகிற நிலாவாரை இலை ஏற்றுமதிக்காரர்களுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பணமெல்லாம் என் மேஜை வழியாகத்தான் வந்தது. ஒரு ரூபாய் தவறியதில்லை. வங்கிக்கு வங்கி போகிற பணம் அது. கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும். கார்டு நம்பரை ஊர் உலகத்துக்குக் காட்டுவது வீட்டுச் சாவியை வாசல்படியில் வைத்துவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி.

"பணம் கட்டுதத எங்கிட்ட விட்டுரு" என்றேன்.

"சைட்டுக்குள்ளேயே கட்டணும்ப்பா. அது ஒண்ணுதான் முக்கியம்."

"தெரியும்ட்டி."

ஜூன் 12, திங்கள்

வடிவு மெஷினுக்கு ஆர்டர் போட்டபோது, பொருள் வந்து சேர்வதற்கான தொடர்பு எண்ணாக என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது. மெஷின் விற்கிற கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்து லில்லி என்ற பெண் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். ஆங்கிலம் சுத்தமாக இருக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா" என்றுதான் ஆரம்பிக்கிறாள். அந்நியச் செலாவணியில் என் அனுபவத்தைச் சொன்னேன். உங்களைப் போல் விஷயம் தெரிந்தவரோடு வியாபாரம் செய்வது எங்கள் பாக்கியம் என்று பதில் வந்தது.

இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஜூன் 14, புதன்

தண்ணீர் மோட்டாரில் காயில் எரிந்துபோய்விட்டது. கழற்றிக் கடையில் கொடுத்தாயிற்று. லில்லியிடமிருந்து காலை வணக்கம், ரோஜாப்பூப் படத்தோடு.

ஜூன் 16, வெள்ளி

நல்ல செய்தி. தளத்தின் வழியாகக் கட்டினால் அவர்கள் கமிஷன் எடுக்கிறார்களாம். வங்கி மூலம் நேராக அனுப்பினால் அந்தக் கமிஷனை எனக்கே குறைத்துத் தருவதாக லில்லி சொன்னாள். நான் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் பேசினேன். நூல் கண்டுகள் ஒரு பெட்டி இலவசம் என்று இறங்கி வந்தாள். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு எந்த நாடாக இருந்தால் என்ன?

வடிவிடம் இப்போது சொல்லவேண்டியதில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது நூலைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும். மேலும், சொன்னால் சைட் சைட் என்று ஆரம்பித்துவிடுவாள்.

ஜூன் 19, திங்கள்

வங்கிக்குப் போனேன். என் பழைய நாற்காலி மாதிரியான ஒரு நாற்காலியில் ஜெசிந்தா என்றொரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். லில்லி அனுப்பியிருந்த விலைப்பட்டியலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், விக்கிற கம்பெனி பேரு ஒண்ணு, பணம் போற கணக்கு பேரு வேற. நாடே வேற. இது ஆன்லைன்ல வாங்குறதா சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்படின்னா அந்த சைட்லயே கட்டிருங்களேன். இப்படி அனுப்புனா போனது போனதுதான். திருப்பி எடுக்க முடியாது."

"பெரிய கம்பெனிக்கு பல ஊர்ல பல கணக்கு இருக்கும்மா. நான் இந்த வேலை பாத்தப்ப நீ பொறந்திருக்கவே மாட்ட. ஃபாரத்தக் குடு."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் எழுந்து வந்து, நமக்கு சீனியர், அனுப்பி விடும்மா என்றார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, எச்சரித்ததாக ஒரு வரி எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளட்டும். பரிமாற்ற ரசீதில் முத்திரையைக் கேட்டு வாங்கினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முத்திரையைக்கூடக் கேட்டால்தான் குத்துகிறார்கள்.

வீட்டுக்கு வந்து, கட்டியாச்சு என்றேன்.

"சைட்டுக்குள்ளதானப்பா?"

"கட்டியாச்சுன்னா கட்டியாச்சு. ஒரு விஷயத்த எத்தன தடவ கேப்ப?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் முன்னறையிலிருந்த பழைய பீரோவைத் தாயும் மகளும் இழுத்துப் பின்கட்டில் போட்டுவிட்டார்கள். மெஷினுக்குத் தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறாளாம்.

ஜூன் 24, சனி

பக்கத்துத் தெரு கல்யாண வீட்டில் ஏழு ஜாக்கெட் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு. மெஷின் வருமுன்பே ஆர்டர். என் மகள் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

"சைட்ல இன்னும் பணம் வரலன்னு காட்டுதுப்பா" என்றாள்.

வெளிநாட்டுப் பணம் போய்ச் சேர நாளாகும் என்றேன். அது பொய்யில்லை. எங்கள் காலத்தில் பத்து நாள்கூட ஆகியிருக்கிறது. லில்லி, மெஷினை மரப்பெட்டிக்குள் வைத்து ஆணி அடிக்கிற படம் அனுப்பியிருந்தாள்.

ஜூலை 3, திங்கள்

இன்று காலை வணக்கம் வரவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

இன்றும் இல்லை. அவர்கள் ஊரில் ஏதாவது விடுமுறையாக இருக்கும்.

ஜூலை 7, வெள்ளி

நான் அனுப்புகிற எதுவும் போய்ச் சேர்ந்ததாகக் காட்டவில்லை. லில்லியின் படம் இருந்த இடம் வெறும் வட்டமாக இருக்கிறது. போன் கெட்டுப்போயிருக்கலாம். இரவு சோறு இறங்கவில்லை. வெயில் சூடு.

ஜூலை 11, செவ்வாய்

பணம் கட்டாததால் ஆர்டர் ரத்து என்று தளத்திலிருந்து வந்துவிட்டது. வடிவு காலையிலிருந்து அந்தத் தளத்தின் உதவிப் பிரிவோடு எழுதிக்கொண்டிருந்தாள். மத்தியானம் எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"அவங்களுக்குப் பணமே வரலயாம். வெளிய எங்கயும் கட்டியிருந்தா எங்களுக்குப் பொறுப்பு இல்லன்னு சொல்லுதாங்க. எங்கப்பா கட்டுனீங்க?"

ரசீதை எடுத்துக் காட்டினேன். வங்கி ரசீது. தேதி, தொகை, கையெழுத்து, முத்திரை. எதில் குறை சொல்ல முடியும்?

அவள் அதை வாங்கி வரிவரியாகப் படித்தாள்.

"இது பணம் போனதுக்கு ரசீதுப்பா. திரும்பி வாரதுக்கு இல்ல" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் போய், கழுவின பாத்திரங்களை மறுபடியும் எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. திட்டினால் திட்டிவிட வேண்டும், அது என்ன மௌனம்.

ஜூலை 13, வியாழன்

வங்கிக்குப் போனேன். நான் உட்காரும் முன்பே ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. சொன்னேனே சார் என்று அவள் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சொன்னது போலிருந்தது. பணத்தைத் திருப்பக் கோரிச் செய்தி அனுப்பினாள். அந்தக் கணக்கிலிருந்து பணத்தை, வந்த அன்றே எடுத்துவிட்டார்கள் என்று பதில் வந்தது.

"தூத்துக்குடியில ஒரு தடவகூட இப்படி ஆனதில்லம்மா" என்றேன்.

"அங்க நீங்க பணம் வாங்குற பக்கம் இருந்தீங்க சார். வாங்குறவங்களுக்கு இதுதான் ரொம்பப் பாதுகாப்பு. இப்ப நீங்க குடுக்குற பக்கம்."

எனக்குப் பாடம் நடத்த இன்னும் யார் பாக்கி என்று தெரியவில்லை. மோட்டார் கடைக்காரனாவது மிச்சம் இருக்கிறான்.

ஜூலை 15, சனி

சைபர் போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. ஆர்டர் வடிவு பெயரில் இருப்பதால் புகாரும் அவள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அனுப்பின கணக்கு என்னுடையது என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறது. இந்த வயதில் நான் ஸ்டேஷன் படி ஏறினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அவளும் மறுக்கவில்லை, தனியாகவே போய்விட்டு வந்தாள்.

ஜூலை 20, வியாழன்

செண்பகம் பருப்பு கடைந்துகொண்டே சொன்னாள். "உங்க டெபாசிட்ட உடைச்சு அந்தப் பிள்ளைக்கு மெஷின் வாங்கிக் குடுங்க. ஜங்ஷன் கடையிலயே வாங்கிருவோம். ஆவணிக்குள்ள வந்துரும்."

"அது நம்ம கடைசிக் காலத்துக்கு."

"தொலைச்சது நீங்கதான?"

தொலைத்தேனாம். திருடிக்கொண்டு போனவன் யாரோ, பழி எனக்கு. ஓய்வூதியக்காரனுக்கு வைப்புத்தொகை என்பது முதுகெலும்பு. நாளைக்கு எனக்கு நெஞ்சு வலி வந்தால் ஜாக்கெட்டில் பூ தைத்தா காப்பாற்றுவார்கள்? மேலும், உடைத்தால் நான்தான் குற்றவாளி என்று நானே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அது நியாயமில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கடைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் மத்தைக் கழுவப் போனாள்.

ஜூலை 29, சனி

ஏழு ஜாக்கெட் துணியையும் வடிவு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மச்சினர் வேலாயுதம் போன் பண்ணினார். போலீஸ் புகார் விஷயம் எப்படியோ அவர் காது வரை போயிருக்கிறது.

"என்ன அத்தான், வடிவு கம்ப்யூட்டர்ல ஏதோ வாங்கப்போயி நகைப் பணத்தையெல்லாம் விட்டுட்டாளாமே?"

"காலம் அப்படி இருக்கு" என்றேன்.

"படிச்ச புள்ள. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? நீங்க எத்தன வருஷம் அந்த சீட்ல இருந்தவிய."

கேட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டாள் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவோரத்தில் வடிவு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவளுக்குத்தான் காது சரியாகக் கேட்காதே.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று பேச்சுவார்த்தை. மாப்பிள்ளை குற்றாலநாதனும் அவர் அக்காவும் வந்தார்கள். நடுவில் வேலாயுதம். மாப்பிள்ளை வருகிறார், சொதி வை என்று நேற்றே செண்பகத்திடம் சொல்லியிருந்தேன். திருநெல்வேலிச் சைவ வீட்டில் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்காமல் இலை போட்டால் அது அவமரியாதை. பால் பிழியத் தேங்காய் நான்கு வாங்கி வந்து உரித்தும் வைத்தேன். தேங்காய் அப்படியே கிடந்தது. ரசமும் துவையலும் வைத்திருந்தாள். மாப்பிள்ளை இலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தலை குனிவாகப் போயிற்று.

சாப்பிட்டதும் அக்காக்காரி ஆரம்பித்தாள். "தனியா இருந்து கிழிச்சிருவேன்னுதான நகையப் புடுங்கிட்டு வந்தா? இப்ப அதையும் எவன்கிட்டயோ குடுத்துட்டு நிக்கா. இப்படிப்பட்டவள என் தம்பி திரும்பக் கூட்டிட்டுப் போறதே பெரிசு."

வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். "அத்தான், நீங்க என்ன சொல்லுதீய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செண்பகம் அடுக்களை நிலையில் நின்று பார்த்தாள். வடிவு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும் என்று செண்பகம் இப்போது சொல்கிறாள். மாப்பிள்ளை முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?

"நடந்தது நடந்துபோச்சு. சின்னஞ்சிறுசு, தெரியாம செஞ்சுட்டா. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்" என்றேன்.

அப்போதுதான் வடிவு நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மாமனைப் பார்த்துப் பேசினாள்.

"ஆமா மாமா, தப்பு என்னுதுதான். பணத்த எங்க கட்டுனா பத்திரம்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் எங்கப்பாவ நம்பிட்டேன்."

வேலாயுதத்துக்கு அது விளங்கவில்லை. "அப்பாவ நம்புறதுல என்னம்மா தப்பு, கேக்காமப் போனதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டு, வெற்றிலையைக் கையில் எடுத்தார். பேச்சு முடிந்துவிட்டது.

கையில் தொழில் இல்லை, நகை இல்லை, இங்கேயும் இருக்க மனமில்லை. அவள் உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள். காரில் ஏறும்போது தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் போய்ட்டு வாரேன்ப்பா என்று முறையாகச் சொன்னாள். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

குடும்பம் சேர்ந்துவிட்டது. ஊரில் தலை நிமிர்ந்து நடக்கலாம். நல்லதுதான் நடந்திருக்கிறது. எனக்கு ஏன் நெஞ்சை அடைக்கிறது என்று தெரியவில்லை. ரசம் புளிப்பு அதிகம்.

செப்டம்பர் 9, சனி

தனி லைன் இழுக்க எலக்ட்ரீஷியன் இன்றுதான் வந்தான். வேண்டாம் என்று அனுப்பினேன். முன்னறை காலியாகக் கிடக்கிறது. பீரோவைத் திரும்ப இழுத்து வைக்க என் ஒருவனால் முடியவில்லை, செண்பகம் கை கொடுக்கமாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 30, சனி

செண்பகம் என்னோடு பேசி எவ்வளவு நாளாகிறது என்று கணக்கு வைக்கவில்லை. சோறு போடுகிறாள். மாத்திரை எடுத்து வைக்கிறாள்.

அக்டோபர் 17, செவ்வாய்

வைப்புத்தொகை முதிர்ந்தது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 19, ஞாயிறு

தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. இன்று மாப்பிள்ளையே கூப்பிட்டார். போனில் அவர் பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். ஆனால் விஷயம் வேறு. வெளிநாட்டு ஆன்லைன் சந்தையில் ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறாராம்.

"விக்கிறவன் நேரா பேங்க்ல போடுங்க, விலையக் குறைக்கேன்னு சொல்லுதான் மாமா. இவ என்னன்னா வேண்டாம், அந்த சைட்டுக்குள்ளேயே கார்டுல கட்டுங்கன்னு நிக்கா. ஏற்கெனவே மொத்தத்தையும் விட்டவ பேச்ச எப்படிக் கேக்க? நீங்க அந்தத் துறையிலயே இருந்தவங்க. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை."

அவள் அவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். சொல்லுங்கப்பா என்று ஒரு குரல் கேட்டது. எந்தக் கோபமும் இல்லாத குரல். அதைத் தாங்க முடியவில்லை.

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சைட்டுக்குள்ளேயே கட்டுங்க மாப்பிள்ளை. சாமான் கைக்கு வர்ற வரைக்கும் பணம் அவங்ககிட்ட பத்திரமா இருக்கும். கார்டுல கட்டுனா பேங்க்லயும் புகார் சொல்லலாம். வெளிய அனுப்பாதீங்க. போனா போனதுதான்."

"பாத்தியா, அனுபவம்னா இதுதான்" என்று அவளிடம் சொல்வது கேட்டது. "அன்னைக்கு உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இப்படித் தெருவுல நின்னிருப்பியா?"

நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். சரி மாமா, வைக்கேன் என்று அவர் வைத்துவிட்டார்.

செண்பகம் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவளாக வந்து பேசியது இன்றுதான்.

"ஏமாந்தது நீங்கதான்னு இப்பவாவது அவுகட்ட சொன்னீயளா?"

"கார்டுலயே கட்டச் சொல்லிட்டேன்" என்றேன்.